‘வணிக ஓவியர்’ என்னும் தீர்ப்பு: ரோஸ் ஓநீலின் வாழ்வை முன்வைத்து

கலை வரலாற்று நூல்களில் ‘வணிக ஓவியர்’ என்ற சொல் ஒரு தொழிலின் பெயரைப்போல் வழங்குகிறது. உண்மையில் அது ஒரு தீர்ப்பு. காசு வாங்கிக்கொண்டு, பிறர் கேட்டதை, பிறர் குறித்த நாளுக்குள் வரைந்து கொடுத்தவர் என்பது அச்சொல்லின் பொருளானால், போப்பாண்டவரின் ஆணைக்கும் ஊதியத்துக்கும் உட்பட்டுச் சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தைத் தீட்டிய மைக்கேலாஞ்சலோவும் வணிக ஓவியரே. ஆம்ஸ்டர்டாம் நகரக் காவற்படையினர் பணம் செலுத்தித் தங்கள் உருவங்களை எழுதுவித்துக்கொண்ட படமே ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’. இவ்விருவரையும் எவரும் அப்பெயரால் அழைப்பதில்லை. ஆகவே அச்சொல் பணத்தைக் குறிப்பதாகத் தோன்றினாலும் வேறொன்றையே குறிக்கிறது. அது யாது என்பதற்கு ரோஸ் ஓநீல் என்ற அமெரிக்கப் பெண்ணின் வாழ்வைப் போலத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஓநீலின் பெயரைக் கேட்டவுடன் அடையாளம் காணும் கலை மாணவர்கள் மிகச் சிலர். அவர் படைத்த உருவம் அப்படிப்பட்டதன்று. உச்சந்தலையில் ஒரு மயிர்ச்சுருள், ஓரமாய்ப் பார்க்கும் கண்கள், உருண்ட வயிறு, தோளருகே சின்னஞ்சிறு சிறகுகள் கொண்ட ‘கியூப்பி’ என்னும் அந்தக் குழந்தை உருவம் படமாகவும் பொம்மையாகவும் அஞ்சலட்டையாகவும் உலகைச் சுற்றிவந்தது. ஜப்பானில் 1925இல் விற்பனைக்கு வந்த மயோனைஸ் ஒன்று இன்றும் அப்பெயரையும் அவ்வுருவத்தையும் தாங்கிக் கடைகளில் நிற்கிறது. வரைந்தவரின் பெயர் உதிர்ந்துவிட, வரையப்பட்ட பொருள் மட்டும் நூறாண்டு கடந்து நிலைத்திருக்கிறது. இதை விதி என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. இதற்குப் பின்னே மனிதர்கள் செய்த முடிவுகள் இருக்கின்றன. அவற்றுட் பல கல்விப்புலத்தில் செய்யப்பட்டவை.

ஓநீல் 1874ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தின் வில்க்ஸ்பாரி நகரில் பிறந்தார். தந்தை புத்தக வணிகர். கடன் சூழக் குடும்பத்துடன் நெப்ராஸ்காவுக்குப் பெயர்ந்தவர். ஓவியப் பள்ளி எதிலும் முறையாகப் பயிலாத ரோஸ், தம் 13ஆம் வயதில் ஓமஹா நகர நாளிதழ் நடத்திய ஓவியப் போட்டியில் பரிசு பெற்றார். சிறுமி ஒருத்தி வரைந்த படம் அது என்று நம்ப இயலாத நடுவர்கள், தங்கள் முன்னிலையில் மீண்டும் வரைந்து காட்டச் செய்தனர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. திறமையை முதலில் ஐயுறுவதும், மெய்ப்பித்த பின்னர் அதை வியப்புக்குரிய விதிவிலக்கு என்று ஒதுக்குவதுமான வழக்கம் அந்த அறையிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

1893இல், 19 வயதில், ஓவியக் கட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு நியூயார்க் சென்றார். கன்னியர் மடம் ஒன்றில் தங்கினார். இதழ் அலுவலகங்களின் படிகளை ஏறி இறங்கியபோது அருட்சகோதரிகள் துணைக்கு நடந்தனர். தனித்த பெண்ணொருத்தி பதிப்பாசிரியரின் அறைக்குள் நுழைவதே ஒழுக்கக் கேடாகக் கருதப்பட்ட காலம் அது. ஆனால் அதே காலத்தில்தான் அமெரிக்க இதழ்த்தொழில் படங்களுக்காகப் பசித்துக் கிடந்தது. மரச்செதுக்கின் இடத்தைப் புள்ளித்திரை அச்சு பிடித்துக்கொண்டிருந்தது. படம் அச்சிடும் செலவு வீழ்ந்தது. விளம்பர வருவாய் இதழின் விலையைக் குறைத்தது. விலை குறையக் குறைய வாசகர் பெருகினர். 1903இல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ பத்து இலட்சம் சந்தாதாரர்களைக் கொண்ட முதல் அமெரிக்க இதழாயிற்று. ஓவியக் கழகங்கள் பெண்களை வாயிற்படியில் நிறுத்தி வைத்திருந்த வேளையில், அச்சு இயந்திரத்தின் பசி அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. அந்தக் கதவின் வழியே நுழைந்தவர்களைப் பார்த்து, ‘ஏன் தலைவாயில் வழியாக வரவில்லை?’ என்று கேட்பதுதான் கலை வரலாறு இதுகாறும் செய்துவந்த பணி.

1896 செப்டம்பரில் ‘ட்ரூத்’ இதழில் வெளியான அவருடைய நான்கு கட்டச் சித்திரத்தொடரே அமெரிக்கப் பெண்ணொருவர் வெளியிட்ட முதல் சித்திரத்தொடராகக் கருதப்படுகிறது. அடுத்த ஆண்டு ‘பக்’ என்ற புகழ்பெற்ற நகைச்சுவை வார இதழின் ஓவியர் குழுவில் சேர்ந்தார். அக்குழுவில் அவர் ஒருவரே பெண். அவ்விதழில் மட்டும் அவர் வரைந்த கேலிச்சித்திரங்கள் எழுநூற்றுக்கும் மேற்பட்டவை. மையும் பேனாவும் கொண்டு அவர் இட்ட கோடுகளில் உடலின் கனமும் துணியின் மடிப்பும் ஒருசேரத் தெரியும். கீழே ‘ஓநீல்’ என்றோ, மணமான பின் ‘ஓநீல் லேதம்’ என்றோ குடும்பப் பெயர்கள் மட்டுமே கையொப்பமாக இருக்கும். படத்தைப் பார்த்துச் சிரித்த வாசகருக்கு அதை வரைந்தவர் பெண் என்று அக்கையொப்பம் காட்டிக்கொடுக்கவில்லை.

லேதம் என்ற அந்தப் பெயர் குறித்து ஒரு சொல் கூற வேண்டும். ரோஸ் 1896இல் மணந்த கிரே லேதம், திரைப்படக் கருவித் தொழிலில் ஈடுபட்டிருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். படச்சுருள் அறுந்துவிடாமல் காக்கும் வளைவுக்கு ‘லேதம் வளைவு’ என்ற பெயர் திரைத்தொழில்நுட்ப நூல்களில் இன்றும் வழங்குகிறது. அதை உண்மையில் கண்டுபிடித்தவர் அந்நிறுவனத்தில் பணியாற்றிய வேறொருவர் என்ற வாதமும் நெடுங்காலமாக உண்டு. பெயர் வேண்டியவருக்குப் பெயர் எப்படியும் வந்து சேர்கிறது. அதே லேதம், மனைவி வரைந்த படங்களுக்கான ஊதியத்தை அவருக்கு முன்பே பதிப்பகங்களில் சென்று பெற்றுக்கொண்டு சூதாட்டத்திலும் உல்லாசத்திலும் கரைத்தார். 1901இல் மணமுறிவு ஏற்பட்டது.

இங்கே ஆய்வாளர் கவனிக்க வேண்டியது கணவரின் குணக்கேட்டை அன்று. மணமான பெண்ணின் உழைப்பூதியம் அவளுக்கே உரியது என்று நியூயார்க் மாநிலம் 1860ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தது. சட்டப்படி அப்பணத்தில் லேதமுக்கு உரிமை இல்லை. இருந்தும் காசாளர்கள் அவரிடம் கொடுத்தனர். கணவன் வந்து கேட்டால் மனைவியின் ஊதியத்தைக் கொடுத்துவிடலாம் என்ற நடைமுறை, சட்டம் இயற்றி நாற்பதாண்டு கழிந்த பின்னும் அலுவலக மேசைகளில் உயிரோடிருந்தது. பெண் ஓவியரின் ‘பாணி’ பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நூல்கள், அவருடைய ஊதியம் யார் கையில் சென்று சேர்ந்தது என்ற கேள்வியைக் கேட்பதில்லை. அந்தக் கேள்வி எழாத வரையில், பாணியைப் பற்றிய பேச்சு பாதி உண்மையே.

இரண்டாம் கணவர் ஹாரி லியான் வில்சன், ‘பக்’ இதழின் ஆசிரியராக இருந்தவர். 1902இல் மணம்; 1907இல் பிரிவு. வில்சன் எழுதிய நாவல்களுக்கு ரோஸ் படம் வரைந்தார். அதே ஆண்டுகளில் தாமும் நாவல் எழுதி வெளியிட்டார். இலக்கிய வரலாறு வில்சனை நகைச்சுவை நாவலாசிரியர் என்று பதிந்துகொண்டது. ஓநீலின் எழுத்து, பொம்மை வரைந்த ஒருவரின் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்ற அளவில் நின்றுவிட்டது.

இனிக் கியூப்பிகள். 1909 டிசம்பர் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ இதழில் அவை முதன்முதலில் தோன்றின. காதல் கதைகளின் தலைப்பிலும் கடைப்பக்கத்திலும் ஓநீல் வரைந்துவந்த குட்டி மன்மத உருவங்களைத் திரட்டி ஒரு தொடராக்கலாம் என்று கேட்டவர் அவ்விதழின் ஆசிரியர் எட்வர்ட் பாக். படமும் பாட்டும் கதையும் ஓநீலே. மிகுந்த வரவேற்பைக் கண்டு பொம்மை செய்ய விரும்பிய நிறுவனங்கள் வந்தன. இவ்விடத்தில் ஓநீல் செய்தது, அக்காலத்து ஓவியர் பலரும் செய்யத் தவறியது. உருவத்தின் வடிவுரிமையையும் பெயருரிமையையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1913இல் வடிவுரிமை பெறப்பட்டது. ஜெர்மனியின் பீங்கான் பொம்மைத் தொழிற்சாலைகளுக்கு நேரில் சென்று, வார்ப்புகளைத் தாமே பார்த்துத் திருத்தினார். தங்கை கலிஸ்டா தொழில் நிர்வாகத்தில் துணைநின்றார். இவற்றால் அவர் ஈட்டிய தொகை ஏறத்தாழ 14 இலட்சம் டாலர் என்று மதிப்பிடப்படுகிறது. அந்நாளில் அமெரிக்காவிலேயே மிக அதிக ஊதியம் பெற்ற பெண் ஓவியர் அவரே.

இந்த உரிமையின் பொருளை உணர வேண்டுமானால் அதே 1909இல் நிகழ்ந்த இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு இயற்றப்பட்ட அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், கூலிக்குச் செய்விக்கப்பட்ட படைப்பில் ‘ஆக்கியோன்’ என்ற சொல் வேலை கொடுத்தவரையும் உள்ளடக்கும் என்று விதித்தது. கையால் வரைந்தவர் ஒருவர், சட்டத்தின் கண்ணில் ஆக்கியோன் மற்றொருவர். அதே ஆண்டு அட்லாண்டிக்கின் மறுகரையில், இலண்டனில், பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் 78 சீட்டுகள் கொண்ட டாரட் கட்டு ஒன்றை வரைந்து முடித்தார். அவர் பெற்றது சொற்பமான ஒரு தொகை. விற்பனையில் பங்கு ஏதும் இல்லை. உலகெங்கும் மிகுதியாக விற்கும் அந்தச் சீட்டுக்கட்டு பல்லாண்டுகள் வெளியிட்ட நிறுவனத்தின் பெயராலும், வரையச் சொன்னவரின் பெயராலும் மட்டுமே ‘ரைடர்-வெயிட்’ என்று அழைக்கப்பட்டது. வரைந்தவர் 1951இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வறுமையில் இறந்தார். ஓநீலுக்கும் ஸ்மித்துக்கும் இடையிலான வேறுபாடு திறமையில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒப்பந்தங்களைப் படிக்காத கலை வரலாறு இவ்வேறுபாட்டைக் குணம் என்றும் அதிர்ஷ்டம் என்றும் விளக்கிவிட்டு நகர்ந்துவிடும்.

கியூப்பிகளை ‘இனிமையானவை’ என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவிடும் வழக்கம் ஒன்றுண்டு. குழந்தைகளை வரைவது பெண்ணின் இயல்பு, அதில் கலை என்ன இருக்கிறது என்பது அதன் உட்கிடை. தாய்மை அடையாத ஒரு பெண், குறித்த நாளுக்குள், குறித்த பக்க அளவுக்குள், அச்சுத் தகட்டின் வரம்பறிந்து வரைந்த கோடுகளை ‘இயல்பு’ என்று அழைப்பது, அந்த உழைப்பை இயற்கையின் கணக்கில் எழுதிவிடும் தந்திரம். பெண்ணின் சமையலுக்கும் தையலுக்கும் நேர்ந்ததே அவளுடைய ஓவியத்துக்கும் நேர்ந்தது. இயல்பாகச் சுரப்பதற்கு எவரும் ஊதியம் கொடுப்பதில்லை, வரலாறும் எழுதுவதில்லை.

அந்த ‘இனிமையான’ உருவங்களைக் கொண்டு ஓநீல் செய்ததையும் பார்க்க வேண்டும். 1910களில் பெண்களுக்கு வாக்குரிமை கோரிய இயக்கத்தில் அவர் நேரடியாக ஈடுபட்டார். நியூயார்க் தெருக்களில் ஊர்வலம் சென்றார். இயக்கத்துக்காகச் சுவரொட்டிகளும் அஞ்சலட்டைகளும் வரைந்தார். கொடியேந்தி அணிவகுக்கும் குழந்தைகள், தங்கள் அன்னையருக்கு வாக்குரிமை கேட்டன. குழந்தையின் பாலும் உணவும் பள்ளியும் அரசின் முடிவுகளுக்கு உட்பட்டிருக்க, அவ்வரசைத் தேர்வதில் தாய்க்கு ஏன் பங்கில்லை என்பதே அச்சித்திரங்களின் வாதம். வாக்குரிமை கேட்கும் பெண் வீட்டைத் துறந்தவள், குழந்தையை வெறுப்பவள் என்று எதிர்த்தரப்புக் கேலிச்சித்திரங்கள் பரப்பிவந்த வேளையில், நாடே கொஞ்சிய குழந்தையின் கையில் கொடியைக் கொடுத்தது கூர்மையான அரசியல் உத்தி. கியூப்பிகளுக்கு முதலில் பக்கம் ஒதுக்கிய ஆசிரியர் பாக், பெண்களின் வாக்குரிமையை வெளிப்படையாக எதிர்த்தவர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அவ்வுத்தியின் துணிவு விளங்கும். நியூயார்க் மாநில வாக்கெடுப்பில் கோரிக்கை 1915இல் தோற்றது, 1917இல் வென்றது. 1920இல் அரசியலமைப்புத் திருத்தம் நாடு முழுதும் அவ்வுரிமையை நிலைநாட்டியது. இந்த வரலாற்றை எழுதுவோர் மேடைப் பேச்சாளர்களின் பெயர்களைக் குறிக்கின்றனர். பேச்சைக் கேட்க வராதவர் வீட்டுக்குள்ளும் அஞ்சல்வழி நுழைந்த அட்டையை வரைந்தவர் அடிக்குறிப்பிற்கும் உரியவராகவில்லை.

‘வணிகப் படம் கலையாகாது’ என்ற வாதத்துக்கு நீதிமன்றம் 1903ஆம் ஆண்டிலேயே விடையளித்துவிட்டது. சர்க்கஸ் விளம்பரச் சுவரொட்டிகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற பிளைஸ்டைன் வழக்கில், விளம்பரத்துக்குப் பயன்படுவதால் ஒரு படம் படமல்லாமல் போய்விடாது என்றும், சட்டம் மட்டுமே பயின்றவர்கள் ஓவியத்தின் தகுதியை அளக்கப் புகுவது ஆபத்தானது என்றும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பெழுதினார். சட்டம் பயின்றவர் தம் எல்லையை உணர்ந்து விலகி நின்றார். கலை பயின்றவரோ அந்த அடக்கத்தைக் காட்டவில்லை.

அடக்கமின்மை எல்லோரிடத்தும் ஒன்றுபோல் காட்டப்பட்டிருந்தால் அதையேனும் நேர்மை எனலாம். துலூஸ் லோத்ரெக் 1891இல் பாரிஸின் மூலான் ரூஜ் கேளிக்கையகத்துக்கு வரைந்த சுவரொட்டி நவீன ஓவியத்தின் மைல்கல் என்று ஒவ்வொரு பாடநூலிலும் இருக்கிறது. சிகரெட் தாளுக்கு விளம்பரம் வரைந்த மூகா ஒரு கலை இயக்கத்தின் முகமானார். ஐம்பதுகளில் காலணி விளம்பரங்கள் வரைந்து வாழ்ந்த ஆண்டி வார்ஹோல், வணிகப் பண்டத்தைக் கித்தானில் ஏற்றியபோது அது நுகர்பொருள் பண்பாட்டின் மீதான விசாரணை என்று போற்றப்பட்டது. வார இதழ் அட்டைகள் வரைந்த நார்மன் ராக்வெல்லுக்கு 2001இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகமே கதவு திறந்தது. இவர்கள் யாவரும் அவ்விடத்துக்குத் தகுதியற்றவர்கள் என்பது வாதமன்று. வணிகம் என்பது அளவுகோலாக இருந்திருந்தால் இவர்கள் எவரும் நுழைந்திருக்க முடியாது என்பதே வாதம். ஆணின் வணிகம் நவீனத்துவம் ஆகிறது; பெண்ணின் வணிகம் வணிகமாகவே நின்றுவிடுகிறது. 1917 முதல் 1933 வரை ‘குட் ஹவுஸ்கீப்பிங்’ இதழின் அட்டைப்படத்தை மாதந்தோறும் வரைந்த ஜெஸ்ஸி வில்காக்ஸ் ஸ்மித்துக்கும் பாடநூலில் கிடைத்த இடம் சிறிதே. ‘வணிக ஓவியர்’ என்ற சொல் எதைக் குறிக்கிறது என்ற தொடக்கக் கேள்விக்கு இதுவே விடை.

அண்மைக் காலத்தில் ஓநீலை மீட்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. அமெரிக்காவின் தேசியப் பெண்கள் புகழ் மண்டபத்தில் 2019இல் அவர் சேர்க்கப்பட்டார். அவருடைய தன்வரலாறு, இறந்து ஐம்பதாண்டுகளுக்குப் பின், 1997இல்தான் மிசௌரி பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் அச்சேறியது. மகிழத்தக்கவையே. ஆனால் மீட்பின் ஒரு வகை எச்சரிக்கைக்குரியது. ஓநீல் 1921இல் பாரிஸிலும் அடுத்த ஆண்டு நியூயார்க்கிலும் காட்சிக்கு வைத்த ‘இனிய அசுரர்கள்’ என்னும் ஓவியவரிசையை முன்னிறுத்தி, ‘இதோ பாருங்கள், இவர் வெறும் பொம்மை வரைந்தவர் அல்லர், மெய்யான கலைஞர்’ என்று வாதிடும் கட்டுரைகள் வருகின்றன. பாறையும் மரமும் மனித உடலும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் அவ்வோவியங்கள் வலிமையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்வாதம் ஓநீலை மேல்மாடிக்கு ஏற்றிவிட்டு, ஏணியை இழுத்துக்கொள்கிறது. ‘இனிய அசுரர்கள்’ போன்ற ஒன்றை வரைய நேரமும் செல்வமும் வாய்க்காத நூற்றுக்கணக்கான பெண் ஓவியர்கள் கீழேயே விடப்படுகின்றனர். அவ்வரிசையை வரையும் ஓய்வை ஓநீலுக்குப் பெற்றுத் தந்ததே கியூப்பி வருவாய்தான் என்பதும் மறைக்கப்படுகிறது. பழைய படிநிலையை ஏற்றுக்கொண்டு அதில் ஒரு பெண்ணுக்கு இடம் கேட்பது, அந்தப் படிநிலைக்குச் செய்யும் தொண்டு.

மறுப்பு ஒன்றையும் எதிர்கொள்ள வேண்டும். ஓநீலின் தொழிற்களம் களங்கமற்றதன்று. அக்கால அமெரிக்க நகைச்சுவை இதழ்களில் கறுப்பின மக்களை இழிவாகச் சித்திரிக்கும் படங்கள் சாதாரணமாக வெளிவந்தன. ‘பக்’ அதற்கு விலக்கன்று. கறுப்பு நிறக் கியூப்பி பொம்மைகள் ‘ஹாட்டன்டாட்’ என்னும் இழிபெயரால் விற்கப்பட்டன. உரிமை கேட்டு அணிவகுத்த கியூப்பியும் இப்பொம்மையும் ஒரே பெயருரிமையின் கீழ் வந்தவை. இதைச் சுட்டி, ‘இத்தகையவரைப் பாடத்திட்டத்தில் வைப்பதா?’ என்று கேட்போர் உண்டு. பாடத்திட்டம் புனிதர் பட்டியல் என்று கொண்டால் மட்டுமே இக்கேள்விக்குப் பொருளுண்டு. இனவெறி எப்படி இனிமையின் உருவில் குழந்தையின் படுக்கை வரை சென்றது என்பதைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான சான்று எது? ஓநீலைப் படிக்க வேண்டிய காரணங்களுள் இதுவும் ஒன்று. ‘முதல் பெண்’ என்று மாலையிட்டு வணங்கும் வகைக் கட்டுரைகள் இவ்வத்தியாயத்தைத் தாண்டிச் செல்வதால், அவையும் மறதிக்கே துணைபோகின்றன.

இறுதிக் காலம் பற்றிய கதையும் திருத்தப்பட வேண்டியது. ஓநீலுக்கு நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கத்தில் இல்லமும், கனெக்டிகட்டில் ஒரு மாளிகையும், இத்தாலியின் காப்ரித் தீவில் ஒரு வீடும் இருந்தன. கவிஞரும் ஓவியரும் மாதக்கணக்கில் அவர் வீட்டில் தங்கினர். பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் அவரே தாங்கினார். முப்பதுகளின் பொருளாதாரப் பெருமந்தத்தில் எல்லாம் கரைந்தது. மிசௌரியின் ஓசார்க் மலைக்காட்டில் தம் வருவாயால் எழுந்த பானிபுரூக் வீட்டுக்குத் திரும்பினார். சிரிக்கும் புத்தர் சாயலில் ‘ஹோ-ஹோ’ என்றொரு புதிய பொம்மையை உருவாக்கினார். அது பழைய வெற்றியைத் தரவில்லை. 1944 ஏப்ரலில் மறைந்தார். 1947இல் பானிபுரூக் வீடு தீக்கிரையானது.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும், ‘ஊதாரித்தனத்தால் அழிந்தார்’ என்று முடிக்கின்றனர். 1656இல் கடனாளியாகித் தம் உடைமைகளை ஏலத்துக்கு விட்ட ரெம்பிராண்டின் செலவாளித்தனம் மேதையின் சோகமாக எழுதப்படுகிறது. ஓநீலுடையது பெண்ணின் கணக்கறியாமையாகிறது. நிகழ்ந்தது யாது? இதழ்களின் பக்கங்களில் கையால் வரைந்த படத்தின் இடத்தை ஒளிப்படம் பிடித்தது. விளம்பரதாரர் ஓவியரை விட்டு ஒளிப்படக் கலைஞரிடம் சென்றனர். பெருமந்தம் பொம்மைச் சந்தையைச் சுருக்கியது. ஒரு தொழிலே தரை மட்டமான காலத்தில் அத்தொழிலில் இருந்தவர் வீழ்ந்ததற்கு அவருடைய விருந்தோம்பலைக் காரணம் காட்டுவது, பொருளியல் வரலாற்றை வம்புப் பேச்சாகக் குறுக்குவது.

இவை யாவும் தொலைதேசச் செய்தி என்று இந்தியப் பல்கலைக்கழகங்கள் கருத இடமில்லை. நுண்கலை ஒரு துறை, பயன்பாட்டுக் கலை மற்றொரு துறை என்ற பிரிவினை இந்நாட்டுக் கலைக்கல்லூரிகளின் கட்டட அமைப்பிலேயே பதிந்திருக்கிறது. கலை வரலாற்றுத் தாள் முன்னதற்கு உரியது. பின்னதற்கு மென்பொருளும் வேலைவாய்ப்பும் போதும் என்பது எழுதப்படாத விதி. நாட்காட்டிப் படங்களும் தீப்பெட்டிச் சிட்டைகளும் ஆய்வுப் பொருளாக ஏற்கப்படவே நெடுங்காலம் ஆயிற்று. இன்றும் விளம்பரப் படத்தையோ இதழோவியத்தையோ ஆய்வுத் தலைப்பாகக் கொண்டுவரும் மாணவியிடம், ‘இதில் கோட்பாட்டுக் கனம் இருக்கிறதா?’ என்ற கேள்வி எழுப்பப்படுவது புதிதன்று. தலைப்பு மாற்றப்படுகிறது, அவர் தேட இருந்த பெயர்கள் தேடப்படாமலே கிடக்கின்றன. அச்சகங்களின் கணக்கேடுகள் கரையானுக்கும் பழைய தாள் வியாபாரிக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. ஓநீலுக்கேனும் தன்வரலாற்றுக் கையெழுத்துப் படி இருந்தது. ஐம்பதாண்டு கழித்தாவது ஒரு பதிப்பகம் கிடைத்தது.

ஆகவே வேண்டப்படுவது ஒரு பெண்ணின் பெயரைப் பட்டியலில் சேர்ப்பது மட்டுமன்று. கலை வரலாறு தன் சான்றுகளின் எல்லையை விரிக்க வேண்டும். ஓவியத்தோடு அதற்கான ஊதியச் சீட்டும், கோட்டோடு அதை அச்சேற்றிய தகடும், கையொப்பத்தோடு அதன் கீழுள்ள ஒப்பந்தமும் பாடமாக வேண்டும். யார் கேட்டார், யார் வரைந்தார், யார் பணம் பெற்றார், யார் பெயர் நின்றது என்ற நான்கு கேள்விகளை மைக்கேலாஞ்சலோவிடமும் கேட்க வேண்டும். ஓநீலிடமும் கேட்க வேண்டும். இக்கேள்விகளை இருவரிடமும் ஒன்றுபோல் கேட்கும் நாளில் ‘வணிக ஓவியர்’ என்ற சொல்லுக்குத் தனியே வேலை இராது. அதுவரையில் அச்சொல்லை எழுதும் ஒவ்வோர் ஆய்வாளரும், தாம் விளக்கம் தரவில்லை, தீர்ப்பு வழங்குகிறார் என்பதை அறிந்தே எழுதட்டும்.